எண்ணிக்கையில் வராத தலைவர்

அவர் முதன்முதலில் என் கடைக்குள் வந்தது இருமிக்கொண்டுதான். அவருக்குப் பின்னால் மாடிப்படியில் இன்னும் பலர் இருமுவது கேட்டது.

அது ஒரு சனிக்கிழமை காலை. பின்னறையில் நான் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். பிராங்பேர்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் வந்தால் மைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் அங்கே அரிசி, பருப்பு, மரவள்ளிக்கிழங்கு, உறைந்த மீன் என்று ஒரு கடை நடத்திவந்தோம். மேல்மாடிக்கு யாரோ புதிதாக வந்திருப்பது தெரியும். அது யூதர்களின் பிரார்த்தனை மண்டபம் என்பது தெரியாது. மிளகாய்ப் புகை படிக்கட்டால் ஏறிப்போய், வேதம் வாசித்துக்கொண்டிருந்தவரின் தொண்டையில் உட்கார்ந்துவிட்டது.

வந்தவர் சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே நடந்து வந்து, அவருடைய கோட்டுப் பொத்தான் என் மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்ட நின்றார். உயரமும் அகலமுமான பெண். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார். முதுகு அரிசி மூட்டையில் முட்டியதும் நின்றேன்.

"இது என்ன?"

"மிளகாய்."

"இதைச் சாப்பிடுறனீங்களோ?"

"ஓம்."

கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை பின்னேரமும் சனிக்கிழமை காலமையும் வறுக்காதேங்கோ. மற்ற நாளிலை எங்கட ஆக்கள் இருமினால், அது அவையின்ரை சொந்தச் சளி."

பிறகு அந்த மிளகாயிலேயே ஒரு பை வாங்கிக்கொண்டு போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கருங்கடல் கரையிலுள்ள ஒடெசாவிலிருந்து வந்தவர். அவர் பேசியது ரஷ்ய வாடையடிக்கும் டொய்ச், அதுதான் ஜேர்மன் மொழி. நான் பேசியது யாழ்ப்பாண வாடையடிக்கும் டொய்ச். ஜேர்மன்காரர்கள் எங்கள் இருவரையும் விளங்காமல் தவிக்கையில் நாங்கள் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். என் நினைவில் அவர் இப்போது யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அது அவருக்குப் பொருந்தியும் இருக்கிறது.

ஒடெசாவில் அவர் பல் வைத்தியர். ஜேர்மனியில் அந்தப் பட்டம் செல்லவில்லை. அதனால் வைத்தியம் பார்ப்பதை விட்டாரே தவிர, பார்ப்பதை விடவில்லை. யாரோடு பேசினாலும் அவர் கண் எதிரே இருப்பவரின் வாய்க்குள்ளேயே இருக்கும். "உங்கட மனிசன் வலப்பக்கத்தாலை சாப்பிடுறேல்லை, ஏன்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு அதுவரை தெரியாது. என் கணவர் அதன் பிறகு அவர் வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கதைப்பார்.

ஆட்களுக்கு மிகக் கிட்டப் போய் நிற்கிற பழக்கம் அந்தத் தொழிலிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. அது வேதத்தில் இருக்கிறது என்றார்.

அவர்தான் மேல்மாடிச் சபையின் தலைவர். சபையில் நாற்பது பேர் வரை இருப்பார்கள். பெரும்பாலும் பழைய சோவியத் நாட்டிலிருந்து வந்த முதியவர்கள். பாதிப் பேருக்குக் காது கேளாது, மீதிப் பேர் கேட்டாலும் கேட்காத மாதிரி இருப்பார்கள். சண்டைக்குக் குறைவில்லை. யன்னல் திறப்பதற்கு ஒரு கட்சி, பூட்டுவதற்கு ஒரு கட்சி. இவர் எந்தச் சண்டையையும் தொலைபேசியில் பேசித் தீர்க்கமாட்டார். பஸ் பிடித்துப் போய், கதவைத் தட்டி, ஆளுக்கு முன்னால் நிற்பார். எதிராளி பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டும்போது சமாதானமாகிவிடுவார். வேறு வழி?

மேலே பிரார்த்தனை நடக்கும் வேளைகளில் வாசலில் ஒரு பொலிஸ் வாகனம் வந்து நிற்கும். ஜேர்மனியில் யூதர்கள் கூடுகிற இடங்களில் அப்படித்தான். ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் அகதி மனுவின் முடிவுக்காகக் காத்திருந்த பெடியள் பலர். பச்சை வெள்ளை வாகனத்தைக் கண்டதும் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டது. "பாப்பம், பிறகு யோசிப்பம்" என்றார் என் கணவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் அந்த ஒரு மருந்துதான்.

நான் மேல்மாடித் தலைவரிடம் சொன்னேன். உடனே வெளியே போனார். வாகனத்திலிருந்த பொலிஸ்காரரைச் சட்டைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, கடைக்குள் ஒரு கதிரையில் இருத்தி, சாப்பிட ஒரு ரோல்ஸ் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார். அடுத்ததாகத் தெருமுனை பஸ் தரிப்பிடத்துக்குப் போனார். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எங்கள் பெடியள் மூன்று பேர் ஒளிந்து நின்றார்கள். அவர்களுக்குக் கிட்டப் போய் நின்றார்.

"அந்த மனிசன் என்னைக் காக்க வந்தவர். உங்களைப் பிடிக்க வரேல்லை. ஏதும் நடந்தால் என்னட்டைக் கேளுங்கோ."

பெடியளுக்கு அவர் சொன்னதில் கால்வாசிகூட விளங்கவில்லை. ஆனால் பின்னால் போகக் கண்ணாடி விடவில்லை. கடைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பொலிஸ்காரருக்கும் அவர்களுக்கும் ஒரே தட்டிலிருந்துதான் ரோல்ஸ் போகும்.

"என்னட்டைக் கேளுங்கோ" என்பது அவருடைய வாய்ப்பாடு. அதுவும் வேதத்திலிருந்து வந்ததுதானாம்.

வருடா வருடம் மார்கழி அளவில் அவர்கள் யோசேப்பின் கதையை வாசிக்கும் வாரங்கள் வரும். அதையொட்டி அவர் ஒரு பேச்சுப் பேசுவார். தலைமை பற்றிச் சகோதரர்களின் கதை சொல்லும் பாடங்கள் என்பது தலைப்பு. வருடங்கள் மாறினாலும் தலைப்பு மாறாது. அதை முதலில் என் கடையில்தான் ஒத்திகை பார்ப்பார். "மேலை இருக்கிறவைக்குக் காது கேளாது. பிழை விட்டால் கண்டுபிடிக்க ஆள் வேணும்" என்பார். நான் பருப்பை நிறுத்துப் பையில் போட்டுக்கொண்டு கேட்பேன். என் கணவர் மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாக்கோபுக்குப் பன்னிரண்டு ஆண் பிள்ளைகள். தகப்பனுக்கு யோசேப்பில் மட்டும் தனிப் பிரியம். மற்றவர்களுக்கு எரிச்சல். ஒருநாள் அவனைப் பிடித்து ஒரு குழியில் போட்டு, வழியால் போன வியாபாரிகளுக்கு விற்றுவிட்டு, மிருகம் தின்றுவிட்டதாக வீட்டில் காட்டிவிடுகிறார்கள். விற்கப்பட்டவன் எகிப்தில் பெரிய அதிகாரியாகிறான். பஞ்சம் வருகிறது. தானியம் வாங்க வந்த அண்ணன்மார் அவனை அடையாளம் தெரியாமல் அவன் முன்னாலேயே கும்பிட்டு நிற்கிறார்கள். அவன் தன்னை வெளிப்படுத்தவில்லை. கடைசித் தம்பி பென்யமீனின் மூட்டைக்குள் தன் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்து வைக்கச் செய்து, அவனைக் கள்ளனாக்கி, இவன் இங்கே அடிமையாக இருக்கட்டும், நீங்கள் போகலாம் என்கிறான். அப்போது யூதா என்ற அண்ணன் அதிகாரிக்குக் கிட்டப் போகிறான். தம்பிக்கு நான் பொறுப்பு என்று அப்பாவிடம் சொல்லி வந்தேன், அவனை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். அதைக் கேட்டு யோசேப்பு அழுகிறான். நான்தான் உங்கள் தம்பி என்கிறான்.

"கிட்டப் போனான்!" என்று இவர் என் தராசை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "தூரத்திலை நிண்டு ஒருத்தனும் ஒருத்தனுக்கும் தலைவனாக ஏலாது."

அவருக்கு உலகத்து ஆண்கள் எல்லாரும் மூன்று வகை. முதலாவது, மூத்தவன் ரூபன். யோசேப்பை இப்போது குழியில் போடுவோம், பிறகு நான் மட்டும் வந்து தூக்கிவிடுகிறேன் என்று நினைத்தவன். நல்லவன்தான். பிறகு வந்தான், குழி வெறுமையாகக் கிடந்தது. இந்தப் 'பிறகு' என்ற சொல் வரும்போதெல்லாம் அவர் மூட்டைகளின் பக்கம் திரும்பி, "ஹெர் ரூபன், கேக்குதோ?" என்பார். ஹெர் என்றால் டொய்ச்சில் திரு. என் கணவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டாவது யோசேப்பு. "கெட்டிக்காரன். பஞ்சம் வர முந்தித் தானியம் சேர்த்தவன். ஆனால் அவன் அதிகாரி. அதிகாரிக்கு முன்னாலை சனம் வரிசையிலை நிக்கும், பின்னாலை வராது." மூன்றாவது யூதா. "எங்கட சனத்துக்கு யோசேப்பின்ரை பேரை வைக்கேல்லை, யூதாவின்ரை பேரைத்தான் வைச்சது" என்று சொல்லும்போது, ஏதோ தானே அந்தப் பெயரை வைத்த மாதிரி இருக்கும் அவர் முகம்.

ஒரு தடவை நானும் விட்டுக்கொடுக்காமல், எங்களிடமும் அண்ணன் தம்பி கோபித்த கதை உண்டு என்று மாம்பழக் கதையைச் சொன்னேன். உலகத்தைச் சுற்றி வந்த தம்பிக்குப் பழம் கிடைக்கவில்லை, தாய் தகப்பனைச் சுற்றி வந்த அண்ணனுக்குக் கிடைத்தது, தம்பி கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டார். மிகக் கவனமாகக் கேட்டார்.

"அண்ணன் கிட்டப் போய்க் கூப்பிட்டவரோ?"

"இல்லை. தாயும் தகப்பனும் போனவை."

"அண்ணன் என்ன செய்தவர்?"

"பழத்தைச் சாப்பிட்டிருப்பார்" என்றார் என் கணவர்.

"தம்பி இப்பவும் மலையிலையோ?"

"ஓம். கோயில் கட்டியாச்சு."

அவர் நெடுநேரம் தலையை ஆட்டினார். "நல்ல சனம் நீங்கள். கோவிச்சவருக்குக் கோயில் கட்டுறியள். நாங்கள் கோவிச்சவையை எண்ணிக்கையாலை கழிச்சுப்போட்டு, ஆள் காணாமல் நிக்கிறம்."

அது வேடிக்கைப் பேச்சல்ல. அந்தச் சபையின் பெரிய பாடே அதுதான். அவர்களுடைய முக்கியமான பிரார்த்தனைகளுக்குப் பத்து ஆண்கள் கூடவேண்டும். ஒன்பது பேர் என்றால் நடக்காது. அந்தச் சபையின் பழைய வழக்கப்படி பெண்கள் அந்தப் பத்துக்குள் வரமாட்டார்கள்; தலைவராக இருந்தாலும் வரமாட்டார்கள். "மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னட்டை. சூடாக்கிக்கு எண்ணெய் எடுக்கிறது நான். ஆனால் எண்ணத் தொடங்கினால் நான் கதிரை மாதிரி" என்று சிரிப்பார்.

குளிர்காலத்தில் ஒழுங்காக வரக்கூடிய ஆண்கள் எட்டுப் பேர். மற்றும் இரண்டு சகோதரர்கள். அவர்கள் இருவரும் வந்தால் பத்து. ஆனால் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார்.

மூத்தவர் வீடுகளில் சூடாக்கி திருத்துகிறவர். எங்கள் நகரத்திலேயே தாயோடு இருந்தவர். இளையவர் லைப்சிக்கில் டிராம் ஓட்டியவர். தாய் ஒரு பங்குனி மாதம் இறந்துபோனார். அதற்குப் பிறகு, தாயின் கல்லறைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று இளையவர் பிராங்பேர்டில் வேலை எடுத்து எங்கள் நகரத்துக்கே வந்துவிட்டார். வந்தும் அண்ணனோடு ஒரு சொல் பேசுவதில்லை. பெற்றவர் இறந்தால் பிள்ளைகள் பதினொரு மாதம் ஓதவேண்டிய ஒரு பிரார்த்தனை அவர்களுக்கு உண்டு. காதிஷ் என்று பெயர். அதற்கும் பத்துப் பேர் வேண்டும். இருவரும் ஒரே தாய்க்காக ஓத வருவார்கள். வாசலில் மற்றவரின் சைக்கிளைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். வந்தவர் தன்னோடு சேர்த்து ஒன்பது பேராக நின்றுவிட்டு, ஓதாமல் வீட்டுக்குப் போவார்.

ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்த நம்முடைய தலைவர் இந்தச் சண்டைக்குள் மட்டும் போகவில்லை. எனக்கு அது விளங்கவேயில்லை. கேட்டால், "அது வேறை விசயம்" என்று பேச்சை மாற்றிப் பல்லைப் பற்றிக் கேட்பார்.

அந்த வருட மார்கழியில் ஒத்திகைக்கு வந்தார். வழக்கம்போல ரூபன், யோசேப்பு, யூதா. தராசைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு நான் பொறுப்பு, என்னட்டைக் கேளுங்கோ!" என்றபோது, மூட்டைக்குப் பின்னாலிருந்து என் கணவர் வாயைப் பொத்தாமலே கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. முதல் தம்பியை விப்பம் எண்டு சொன்னதும் இந்த யூதாதானே? போன வரியம் நீங்கள் சொன்னனீங்கள். வித்தவனை ஏன் தலைவராக்கினவை?"

அவர் அந்தக் கேள்வியில் எந்த உள்நோக்கமும் வைக்கவில்லை. என் கணவருக்கு உள்நோக்கம் வைக்கத் தெரியாது. ஆனால் எங்கள் விருந்தாளி தராசிலிருந்து கையை எடுத்தார். ஒரு அடி பின்னால் போனார். அவர் பின்னால் போனதை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன். அப்படியே வெளியே போய்விட்டார்.

சில நாட்கள் கடைப்பக்கம் வரவில்லை. வந்தபோது வாசலோடு, மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவ்வளவு தூரத்தில் நின்று அவர் பேசி நான் கண்டதில்லை.

"அந்தச் சகோதரங்களின்ரை தாய்க்குக் கடுமையான அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை மூத்தவன் என்னட்டைச் சொன்னவன், தம்பிக்கு உடனை அறிவியுங்கோ எண்டு. செவ்வாய்க்கிழமை பின்னேரம். அவன் ஏற்கெனவே தம்பியோடை கொஞ்சம் முறைப்பு. நான் போன் எடுத்திருக்கலாம்."

"எடுக்கேல்லையோ?"

"தாய் சாகக் கிடக்கிறா எண்டதை ஒரு போனுக்குள்ளாலை சொல்லுறதோ? அடுத்தநாள் விடிய றெயின் எடுத்து லைப்சிக் போனன். அவன் வேலையிலை. வீட்டுப் படியிலை இருந்தன். பின்னேரம்தான் வந்தான். நானும் அவனும் இஞ்சை வந்து சேர முந்தி அவ போயிட்டா."

நான் கையிலிருந்த பருப்புப் பையைக் கீழே வைத்தேன்.

"அடக்கம் முடிய இளையவன் வந்து, அண்ணன் வேணுமெண்டு கடைசி நாள் வரைக்கும் மறைச்சவன் எண்டான். நான் தலையாட்டினன். மூத்தவன் வந்து, செவ்வாய்க்கிழமை அறிஞ்சும் அவன் ஆற அமர வந்தவன் எண்டான். அதுக்கும் தலையாட்டினன். சூடு ஆறட்டும், சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த மாசம் தலைவர் தெரிவு இருந்தது. அது முடியட்டும் எண்டு நினைச்சன்."

"இப்ப ஆருக்கும் தெரியாதுதானே" என்றார் என் கணவர், அவரைத் தேற்றும் எண்ணத்தில். "பாப்பம். பிறகு சொல்லலாம்."

அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹெர் ரூபன், மாசியோடை பதினொரு மாசம் முடியுது. பிறகு எண்டு ஒண்டு இல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேச்சு. சகோதரர்கள் இருவர் வீட்டுக்கும் அவரே போனார். தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. இருவரிடமும் ஒன்றையே சொன்னாராம்: "அவனும் வாறான். கோவிக்கிறதெண்டால் என்னிலை வந்து கோவியுங்கோ. அதுக்குக் காரணம் சொல்லுறன்."

என்னையும் என் கணவரையும்கூட வரச்சொன்னார். ஞாயிறு என்பதால் கடை பூட்டு. என்னைப் பெண்கள் பக்கத்தில் இருத்தினார்கள். என் கணவரின் வழுக்கைத் தலையில் ஒரு சின்ன வட்டத் தொப்பியை வைத்தார்கள். அது வழுக்கி விழ விழ, அவர் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் வாயையும் பிடித்துக்கொண்டிருந்தார். மூத்தவர் முன்வரிசையின் ஒரு கோடியில், இளையவர் மறு கோடியில். இருவருக்கும் நடுவில் வெறும் கதிரைகள்.

அவர் ரஷ்ய மொழியில் ஒரு வசனமும், எங்களுக்காக டொய்ச்சில் ஒரு வசனமுமாகப் பேசினார். ரூபன் வந்தான், யோசேப்பு வந்தான். யூதாவிடம் வந்தபோது நிறுத்திவிட்டு, மேடையிலிருந்து இறங்கி அந்த வெறும் கதிரைகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"யூதா தம்பிக்காக நிண்டதை ஒவ்வொரு வரியமும் சொல்லுறன். அவன்தான் முதல் தம்பியை வித்தவன் எண்டதை நான் கெதியாச் சொல்லிப்போட்டு ஓடிவிடுவன். இந்த வரியம் ஓட ஏலாது. நானும் வித்தனான்."

பிறகு செவ்வாய்க்கிழமையையும் புதன்கிழமையையும் சொன்னார். "கிட்டப் போறன் எண்டு பிந்திப் போனன். அது பிழை. பிறகு ரெண்டு பேருக்கும் தலையாட்டினன். அது வெறும் பிழையில்லை, அது வேறை. அதுக்குப் பேர் நான் சொல்லத் தேவையில்லை."

அதற்குமேல் டொய்ச் நின்றுபோய்விட்டது. மண்டபம் முழுவதும் ரஷ்ய மொழி. பக்கத்திலிருந்த பெண் என் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். மூத்தவர் எழுந்தார். "செவ்வாய்க்கிழமையே சொன்னனான்!" என்று கத்தினார். இளையவரும் எழுந்தார். "புதன்கிழமை பின்னேரம் படியிலை இருந்தவ!" இருவருக்கும் ஒரே குரல் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவர் பேச்சை மற்றவர் முடித்து, மற்றவர் தொடங்கியதை இவர் பிடித்து, இருவருமாகச் சேர்ந்து அவரைத் திட்டித் தீர்த்தார்கள். தலைவர் பதவியை விடு என்றார் மூத்தவர். இண்டைக்கே விடு என்றார் இளையவர். அவர் இருவருக்கும் தலையாட்டி "ஓம்" என்றார். இந்த முறை அந்தத் தலையாட்டலில் ஒளிப்பு இல்லை.

திட்டு ஓய்ந்தபோது இளையவர் முதன்முதலில் அண்ணனைப் பார்த்தார். ஏதோ மெதுவாகக் கேட்டார்.

"அம்மா தன்னைக் கேட்டவவோ எண்டு கேக்கிறான்" என்றார் பக்கத்துப் பெண்.

மூத்தவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார். பக்கத்துப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்க்கச் சற்று நேரமெடுத்தது.

"கேட்டவ. நீ வெளியிலை நிக்கிறாய், கோட்டைக் கழட்டிப்போட்டு வாறாய் எண்டு சொன்னனான். நீ ஓடி வந்துகொண்டிருக்கிறாய் எண்டு நினைச்சுத்தான்."

"ஓடித்தான் வந்தனான்" என்றார் இளையவர்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பின்னேரப் பிரார்த்தனை நேரம். காதுக் கருவி போட்ட கிழவர் ஒருவருக்கு நடந்தது எதுவும் கேட்டிருக்கவில்லை. அவர் எழுந்து ஆட்களை எண்ணத் தொடங்கினார். மனிதரை நேரே எண்ணக்கூடாது என்பது அவர்களில் ஒரு வழக்கம். அதனால் ஒவ்வொருவராக விரல் நீட்டி, ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை என்று போனார். விரல் தன் பக்கம் வந்தபோது என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். விரல் அவரைத் தாண்டிப் போய்விட்டது. பத்தில்லை என்ற இடத்தில் கிழவர் நிறுத்தி, மகிழ்ச்சியோடு புத்தகத்தைத் திறந்தார்.

அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து நின்று ஓதினார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் அவர் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் பதில் சொல்லும் இடங்களில் அவருடைய உதடும் அசைந்தது.

புதிய தலைவராக மூத்தவர் வந்தார். இளையவர் செயலாளர். யன்னல் சண்டை இன்னும் தீரவில்லை, ஆனால் பத்துப் பேர் குறையாமல் கூடினார்கள். சகோதரர்கள் இருவருக்கும் ஒன்றில் மட்டும் முழு ஒற்றுமை: பழைய தலைவரோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கடைக்கு வந்து என்னிடம் சொல்வார்கள், அவர் பக்கத்தில் நின்றாலும்கூட. "மண்டபத்தின்ரை பழைய திறப்பு ஒண்டு அவவிட்டை இருக்கு, தரச் சொல்லுங்கோ." நான் திரும்பி, அரை அடி தூரத்தில் நிற்கிறவரிடம் அதை அப்படியே சொல்வேன். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குக் கிட்டப் போய் நின்று, பதிலுக்குக் காத்திருந்துவிட்டுப் போவார்.

அப்படி ஒரு வருடம் போனது. ஒரு விடுமுறைக்கு முதல் நாள் பின்னேரம் மூத்தவர் கன்னம் வீங்கிப்போய்க் கடைக்குள் வந்தார். அந்த நேரத்தில் பல் வைத்தியர் எவருமில்லை. கராம்பு கேட்டார். நான் எடுத்துக் கொடுக்குமுன் பழைய தலைவர் பருப்பு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்து முன்னால் நின்றார். மூத்தவர் பின்வாங்கினார். மீன் பெட்டி தடுத்தது.

ஒரு வருடமாக அவருக்கு வாய் திறக்காத மனிதர் அன்று வாயைத் திறந்தார்.

என் கணவர் டோர்ச் பிடித்தார். "இடப்பக்கம், கடைசி. எவ்வளவு நாளா வைச்சிருக்கிறியள்?" என்று அதட்டினார் ஒடெசாப் பல் வைத்தியர். மூத்தவர் ஏதோ சொன்னார்; வாய்க்குள் விரல் இருந்ததால் எந்த மொழி என்றுகூட விளங்கவில்லை. கராம்பைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லி, அவசர வைத்தியம் பார்க்கும் இடத்துக்குத் தானே கூட்டிப்போனார். திரும்பி வரும்போது மூத்தவர் சொன்னாராம்: "எனக்கு இன்னும் கோவம்தான்." இவர் சொன்னாராம்: "இருக்கட்டும். கோவத்தோடையும் பல் விளக்கலாம்."

கால்பந்து உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்த கோடை முடிந்த பிறகு அவருக்கு இடுப்புச் சத்திரசிகிச்சை நடந்தது. பெர்லினிலுள்ள மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டார். சாமான் ஏற்ற ஆள் பிடிக்கவேண்டும் என்று கடையில் கதைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு காலை, யாரும் கேட்காமலே, சகோதரர்கள் வாடகைக்கு எடுத்த ஒரு வானோடு வந்து நின்றார்கள்.

நாங்களும் உதவிக்குப் போனோம். ஒடெசாவிலிருந்து கொண்டுவந்த பெரிய அலுமாரியைப் படிக்கட்டு வளைவில் எப்படித் திருப்புவது என்று இருவரும் கத்திக்கொண்டார்கள். மூத்தவர் நிமிர்த்து என்றார், இளையவர் சரித்துப் பிடி என்றார். அவர் கைத்தடியோடு தெருவில் நின்று இருவருக்கும் பிழையான யோசனை சொன்னார். அலுமாரி ஒரு காலை இழந்து வெளியே வந்தது. "இதுக்கும் என்னட்டைத்தானே கேக்கப்போறியள்" என்றார் அவர். இளையவர் உடைந்த காலைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெர்லினில் போய் ஒட்டிக்கொடுப்பாராக்கும்.

புறப்படும் நேரம் அவர் கைத்தடியோடு என் முன்னால் வந்து நின்றார். நான் பின்னால் போகவில்லை. போக மனம் வரவில்லை.

வானின் முன் இருக்கையில் மூன்று பேருக்குத்தான் இடம். இளையவர் ஓட்ட ஏறினார். மூத்தவர் யன்னலோரம் தனக்கு வேண்டும் என்று நின்றார். பழைய தலைவரை நடுவில் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த உடம்புக்கு அந்த இடம் எங்கே காணும்? அண்ணன் ஒரு கதவோடும் தம்பி மறு கதவோடும் ஒட்டிப்போனார்கள். வான் தெருமுனையால் திரும்புமுன் அவர் பேசத் தொடங்கிவிட்டது கண்ணாடியூடாகத் தெரிந்தது. இருவரும் நேரே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் மட்டும் பார்வையைத் திருப்பாமலே கையை நீட்டி, அவருடைய ஆசனப் பட்டியை இழுத்துக் கொளுவினார்.